புது பிக்கப்பும் பன்னிரண்டு கேன் தண்ணீரும்

மீனாவுக்கு,

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் நீ முதல் வரியைப் பார்த்துவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுவாய். மாட்டுக்கும் குதிரைக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் படித்துப் படித்து வந்த பழக்கம் அது. தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். டெல்லி லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தது அந்த மட்டுக்கு உதவும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளால் நடுவில் தாண்ட முடியாது. நான் சொல்ல வேண்டியது நடுவில்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கவும் வேண்டாம், அது எதை எப்படி மாற்றிச் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை நீ அல்வர் பக்கம் போகிறாய். கல்யாண ஊர்வலத்துக்கு விட்டு ஓய்ந்துபோன இரண்டு குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி, புது பிக்கப்பில் இழுத்துக்கொண்டு போய், காப்பகத்தில் விட்டுவிட்டு வரப் போகிறாய். கூட வருவதற்கு ஏஜென்சி மூலம் ஓர் ஆளைப் பிடித்திருக்கிறாய். நேற்று அவன் பார்க்கிங்கில் வந்து வண்டியைப் பார்த்ததை நான் பால்கனியிலிருந்து கவனித்தேன். டயரைக் காலால் ஒரு உதை உதைத்தான், 'டீக் ஹை', சரியாக இருக்கிறது என்றான், போய்விட்டான். குனிந்து அடியில் பார்க்கவே இல்லை. அவனை நினைத்துத்தான் நான் பேனாவை எடுத்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

என் சுபாவம் உனக்குத் தெரியும். மத்திய சர்க்கார் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸ் சரிபார்க்கிற பிரிவில் உட்கார்ந்தவள். பதிவேட்டில் நாற்பது மேஜை என்று இருந்தால் நாற்பதையும் கையால் தொட்ட பிறகுதான் டிக் போடுவேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, காய்கறி வண்டிக்காரனின் தராசுத் தட்டைத் திருப்பி அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், நீ வெட்கப்பட்டு என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். உன் பிக்கப் வந்த அன்று எல்லோரும் மாலை போட்டு லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்று நாள் பென்சிலும் கையுமாகப் படித்தேன். இந்த ஊரில் அதைப் படித்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகவே இதைக் கேள். பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தும், டிரெய்லரின் மூக்கில் இருக்கும் கிண்ணமும் ஒரே அளவுதானா என்று முதலில் சந்தேகப்படு. பெரிய கிண்ணம் சின்னப் பந்தின் மேலும் உட்காரும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஒரு பள்ளத்தில் குதிக்கும்போதுதான் கழன்றுகொள்ளும். பூட்டு 'டக்'கென்று சத்தம் கொடுத்ததும் நம்பிவிடாதே. ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார். கூடவே பிக்கப்பின் பின்புறமும் எழும்பினால்தான் அது பிடித்திருக்கிறது. இரண்டு சங்கிலிகளையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடு. எப்போதாவது கழன்றால் மூக்கு தார் ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலியில் தூளி மாதிரி தொங்கும். விளக்கு ஒயரைச் சொருகிவிட்டு யாரையாவது பின்னால் நிற்க வைத்துப் பிரேக்கை மிதி. அந்த ஆள் 'எரியுது' என்று சொன்னால் விடாதே, எந்தப் பக்கம், என்ன நிறம் என்று கேள். புது சக்கரத்தின் நட்டுகள் முதல் ஐம்பது கிலோமீட்டரில் தளரும், இறங்கி மறுபடி முடுக்க வேண்டும். டிரெய்லர் செய்துகொடுத்த பட்டறைக்காரர் தளரவே தளராது என்று சத்தியம் செய்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். மூக்குப் பக்கம் ஒரு வெல்டிங்கின் மேல் மட்டும் பெயிண்ட் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. அதைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லி இன்னும் நீ செய்யவில்லை.

இரும்பைச் சந்தேகப்படுவதில் எனக்கு இன்றைக்கும் குறை ஒன்றும் தெரியவில்லை. ஜோகிந்தர் விஷயத்துக்கு வருகிறேன். நீ தாண்டப் பார்க்கிற இடம் இதுதான், தாண்டாதே.

நாலு வருஷமாக உன் கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தான். நஜஃப்கட் தாண்டி ஏதோ கிராமம், மாடு கன்று உள்ள வீடு, சின்ன வயதிலிருந்தே டிராக்டரில் டிராலி இழுத்தவன். எனக்கு அவனை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு நாளும் லீவு கேட்க மாட்டான். சாப்பிடச் சொன்னால் இரண்டு சப்பாத்திக்கு மேல் தொட மாட்டான். என்னைப் பார்த்தால் கையிலிருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொல்வான். இவ்வளவு ஒழுங்காக ஒருவன் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது என் கணக்கு. நீ அவனோடு சிரித்துப் பேசுவதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். 'அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா' என்று நீ சொன்னபோது, கல்யாண போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். நீ கோபித்துக்கொண்டு எழுந்து போனாய்.

டிரெய்லரை முதன்முதலாக வெளியே எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். குதிரை இல்லை, வெள்ளோட்டம்தான். குதிரையின் எடைக்குப் பதிலாகத் தீவன மூட்டைகளும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் பன்னிரண்டும் ஏற்றுவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு ஜோகிந்தர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் கையேட்டோடு கீழே இறங்கினேன். பிக்கப்பின் பின்புறம் லேசாக உட்கார்ந்திருந்தது. டிரெய்லர் கதவைத் திறந்தால், கேன்கள் எல்லாம் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் அடுக்கி இருந்தன, கதவுப் பக்கம் காலியாக இருந்தது. கையேட்டில் மூக்கின் மேல் இவ்வளவு எடைக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஓர் அட்டவணை உண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாரத்தை எல்லாம் முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் எதற்கு இடம் விட்டிருக்கிறான்? வருகிற வழியில் அவன் வீட்டுக்குப் புண்ணாக்கு மூட்டை ஏற்ற. என் பெண்ணின் புது வண்டி இவன் வீட்டு எருமைக்குத் தீனி சுமக்கப் போகிறது.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. அவன் வரட்டும் என்று நிற்கவும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பன்னிரண்டு கேன்களையும் ஒவ்வொன்றாக இழுத்துக் கதவோரம் வைத்தேன். அறுபத்துமூன்று வயதில் அது சின்ன வேலை இல்லை. மூடியோரம் கசிந்த தண்ணீரில் புடவை ஓரம் நனைந்தது. ஆனால் பிக்கப்பின் பின்புறம் மெல்ல நிமிர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல. கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டுச் சாவியை என் பைக்குள் போட்டேன்.

ஜோகிந்தர் திரும்பி வந்தான். அவன் இந்தியில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன். மூக்குப் பக்கம் குனிந்து பார்த்தான். கையால் ஒரு அழுத்து அழுத்தினான்.

"ஆன்ட்டிஜி, முன்பக்கம் லேசா ஆயிட்ட மாதிரி இருக்கே. கதவைக் கொஞ்சம் தெறக்கணும்."

"பூட்டியாச்சு. சாவி பைக்கு அடியில எங்கயோ இருக்கு."

"ரெண்டே நிமிஷம்."

"வெயில் ஏறிடும். நான் பாத்துட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அதற்குள் நீ வந்து, "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தி வண்டியைக் கிளப்பினாய். அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு முன் இருக்கையில் ஏறினான். நான் பின்னால் உட்கார்ந்தேன். சாவி வைத்த பை என் மடியில்தான் இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் பின் இருக்கையிலிருந்து பார்த்தது உனக்குத் தெரியாது. குருகிராம் தாண்டி ரோடு அகலமான இடத்தில் நீ எழுபதில் போய்க்கொண்டிருந்தாய். வலது பக்கம் ஒரு பஸ் நம்மை உரசுகிற மாதிரி முந்தியது. அந்தக் காற்று பட்டதும் டிரெய்லர் ஒரு பக்கம் விலகியது, பின்பு மறு பக்கம், அடுத்த முறை இன்னும் அதிகமாக. நாய் வாலை ஆட்டுவது போல இல்லை, வால் நாயை ஆட்டுவது போல இருந்தது. பின் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் தெரிந்தது. நேராக வருகிற டிரெய்லருக்குப் பக்கச் சுவர் தெரியவே கூடாது. "பிரேக் போடு, மீனா, பிரேக் போடு" என்று நான்தான் கத்தினேன். கையேட்டில் அப்படிச் செய்யாதே என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது, நான் அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தேன். ஜோகிந்தர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "பிரேக் வேண்டாம் மேடம். ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பாதீங்க, நேரா பிடிங்க. அது தானா அடங்கும்" என்றான். நீ என் பேச்சைக் கேட்கவில்லை, அவன் பேச்சைக் கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதவும் நீ படிக்கவும் முடிகிறது.

ஓரத்தில் நிறுத்தினாய். நான் சாவியைக் கொடுத்தேன். கதவைத் திறந்தால் பன்னிரண்டு கேன்களும் வரிசையாக வாசலில் நிற்கின்றன. ஜோகிந்தர் அவற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் புடவை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"நீதானே ஏத்தின?" என்று நீ அவனிடம் கேட்டாய்.

"ஆமா மேடம். என் தப்புதான்."

"உள்ள ஒரு குதிரை நின்னிருந்தா என்ன ஆயிருக்கும், தெரியுமா?"

அவன் கேன்களை முன்னால் தள்ள ஆரம்பித்தான். நான் என்ன செய்தேன்? தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நீ போனில் சொன்னபோது நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் வெளியே வரவில்லை.

அதோடு முடியவில்லை. செய்யாத தப்பை ஒருவன் ஏன் ஒத்துக்கொள்கிறான் என்று எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. இதற்கு என்னிடம் என்ன கேட்கப் போகிறான்? தெரிந்தவர்களிடம் சொல்லி வேலை வாங்கித் தரச் சொல்வானா? உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவானா? போன் அடிக்கும்போதெல்லாம் அவன்தான் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று, அவன் கூப்பிடவில்லை. கூப்பிடாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு டெல்லி டிராஃபிக் பிடிக்காது, அதனால்தான் கடைசிவரை கார் ஓட்டவில்லை என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். அவரும் அப்படித்தான் சொல்லிவந்தார். அது பொய். உனக்கு மூன்று வயதிருக்கும்போது அவர் சனிக்கிழமை தோறும் 'ஆபீஸ் வேலை' என்று போய் மத்தியானம் வியர்த்துப்போய்த் திரும்புவார். சட்டைப் பையில் கரோல் பாக் பஸ் டிக்கெட் இருக்கும். அவர் ஆபீஸ் இருந்தது வேறு திசையில். நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கரோல் பாக் மார்க்கெட் பக்கம், எல் போர்டு மாட்டிய ஒரு பழைய காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கார் நடு ரோட்டில் நின்றுபோயிருந்தது, பின்னால் ஹாரன். தெரிந்ததும் நான் திரும்பி வந்திருக்க வேண்டும். போய் ஜன்னலைத் தட்டினேன். "இதுதான் ஆபீஸ் வேலையா?" என்றேன். அவர் காரைவிட்டு இறங்கினார். கற்றுக்கொடுக்கிறவர் சிரித்தார், ரோட்டில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். 'அப்பா ஏன் எறங்கிட்டாங்க?' என்று நீ கேட்டாய். மூன்று பேரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். நமக்கு ஒரு கார் வாங்கிக் காட்டி ஆச்சரியப்படுத்த நினைத்திருந்தார் என்பது இரண்டு வருஷம் கழித்து அவர் நண்பர் சொல்லித்தான் தெரியும். அவர் மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஸ்டோரைச் சரிபார்க்கப் போனால், அந்த ஸ்டோருக்குப் பொறுப்பானவரை எதிரில் வைத்துக்கொண்டுதான் பீரோவைத் திறக்க வேண்டும். அவர் இல்லாமல் எண்ணினால் அது செல்லாது. முப்பத்தோரு வருஷம் ஒரு நாளும் நான் அதை மீறியதில்லை. ஆபீஸ் மேஜைகளுக்குக் கொடுத்த மரியாதையை வீட்டு மனிதர்களுக்குக் கொடுக்கவில்லை. சந்தேகப்பட்டது தப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை, மீனா. ஆனால் ஜோகிந்தர் எதிரில் நின்று 'ஏன்டா பின்னால் காலியாக விட்டிருக்கிறாய்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பான்.

முந்தாநாள் நீ கிளினிக் போன பிறகு நான் மெட்ரோ பிடித்து நஜஃப்கட் போனேன். அங்கிருந்து ஈ-ரிக்‌ஷா. விசாரித்து விசாரித்து ஜோகிந்தர் வீட்டைக் கண்டுபிடித்தேன். கொட்டகையில் டிராலிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னான். அவன் மனைவி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள், மோர் கொடுத்தாள். டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன், பழக்கம் அப்படி.

"கேனை நகத்தினது நான்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டிஜி."

"பின்ன எதுக்கு உன் தப்புன்னு சொன்ன?"

"லாரி பறக்குற ரோட்டோரத்துல நின்னோம். யார் செஞ்சாங்கன்னு அங்க பேச ஆரம்பிச்சா பத்து நிமிஷம் ஆகும். பாரத்தை மாத்திட்டு மொதல்ல கிளம்பணும்னு தோணிச்சு. அதான்."

"சரி. வீட்டுக்கு வந்ததும் மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே. மறுநாள் சொல்லியிருக்கலாமே."

அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தான். "நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கட்டிலில் உட்கார முடியவில்லை. எழுந்து டிராலியைச் சுற்றி நடந்தேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டும் என்று, பாரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கின் மேல் உட்கார வேண்டும் என்றான். அதற்குக் குறைந்தால் பின்னால் வருகிறது ஆட ஆரம்பிக்கும், ரொம்பக் கூடினால் இழுக்கிற வண்டியின் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. குதிரை என்றால் அது நகராமல் குறுக்குக் கட்டை போட வேண்டும், ஏனென்றால் கேன் மாதிரி வைத்த இடத்தில் இருக்காது. வளைவில் அகலமாகத் திரும்ப வேண்டும், முன்னால் போகிற வண்டிக்கு எப்போதும் விடுகிற இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விட வேண்டும், பின்னால் எடுக்கும்போது ஒரு ஆள் கீழே நிற்க வேண்டும், அந்த ஆள் கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கையேட்டில் வைத்துப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பத்தில் ஒரு பங்கு விஷயம், நான் கோடு போட்ட அட்டவணைக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அவனைப் பிடிக்க அட்டவணையே போதும் என்று அன்று காலையில் அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை.

கிளம்பும்போது திங்கட்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். மேடம் கூப்பிட்டால் வருகிறேன் என்றான். நீங்கள் கூப்பிட்டதற்காக மட்டும் வர மாட்டேன் என்றும் சொன்னான். அது நியாயம்தான். டிரெய்லர் சாவியை உன் மேஜை மேல் வைத்திருக்கிறேன். இனி அதை என்னிடம் கொடுக்காதே, நானே கேட்டாலும் கொடுக்காதே.

உனக்கு என் மேல் வரப்போகிற கோபம் சின்னதாக இருக்காது என்று தெரியும். ஒரு மனிதனின் வேலையைப் போக்கினேன், உன் உயிரை வைத்து விளையாடினேன், அதன் பிறகு மூன்று வாரம் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். இதற்கு நீ என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னால் அவனைக் கூப்பிடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் பால் கறக்கப் போய்விடுவான், அப்புறம் போனை எடுக்க மாட்டான். அதற்கு முன்னால் கூப்பிடு. நடந்ததைச் சொல், உன் வாயால் மன்னிப்புக் கேள், திங்கட்கிழமைக்கு வரச் சொல். சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் எங்கும் போகவில்லை, பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

அம்மா